வால் சக்கர விமானத்தைத் தனி ஆளாக ஹேங்கருக்குள் ஏற்றுவது எப்படி: தரையில் கோடு போடுவது முதல் கதவு சாத்துவது வரை

மே மாதம், பெங்களூரு ஜக்கூர் விமானத் தளம், சாயங்காலம் நாலரை மணி. மேற்கே கருத்துக்கொண்டு வருகிறது, மண் வாசனை வந்துவிட்டது, இன்னும் இருபது நிமிடத்தில் காற்று புழுதியை வாரி அடித்துவிட்டு மழை கொட்டப் போகிறது. ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாசலில் துணியே மேல்தோலாக இருக்கும் இரண்டு சீட் விமானம் நிற்கிறது; முன்னால் இரண்டு சக்கரம், வாலுக்கு அடியில் ஒரு சின்னச் சக்கரம். கூட இருந்த பையன் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான். நீங்கள் ஒரே ஆள். இந்த நிலைமை வருஷத்துக்கு நாலைந்து முறையாவது வரும், அப்போது என்ன செய்வது என்று அப்போது யோசிக்க நேரம் இருக்காது. அதனால் எனக்குத் தெரிந்ததை எல்லாம் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

அப்பா எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். முருகேஷ்பாளையாவில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் தமிழ்க் குடும்பங்கள், அதில் பாதி வீட்டில் யாராவது ஒருத்தர் விமான வேலையில் இருப்பார்கள். 1958-ல் முதலில் பறந்த புஷ்பக், இதே ஊரில் எச்.ஏ.எல். செய்த விமானம். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம், 90 குதிரைத்திறன் காண்டினென்டல் இன்ஜின், இறக்கை நுனிக்கு நுனி சுமார் 11 மீட்டர், காலி எடை 400 கிலோவுக்குப் பக்கம். அமெரிக்காவின் பைப்பர் கப் வகை விமானங்களும் ஏறக்குறைய இந்த அளவுதான்: ஜே-3 காலியாக 345 கிலோ, சூப்பர் கப் 420 கிலோ சொச்சம், இறக்கை பத்தே முக்கால் மீட்டர். நான் சொல்லப் போவது இந்த அளவு விமானங்களுக்கு. இதைவிடப் பெரியது, கனமானது என்றால் ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

எடை பிரச்சினை இல்லை, பார்வைதான் பிரச்சினை

400 கிலோ என்றதும் எல்லோரும் பலத்தைத்தான் நினைப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல சிமென்ட் தரை, டயரில் சரியான காற்று, பிரேக் பிடிக்காமல் சக்கரம் சுதந்திரமாகச் சுற்றுகிறது என்றால், சமதரையில் உருட்டிக்கொண்டு போக எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு விசை போதும், அதாவது ஆறு ஏழு கிலோ இழுவை. நகர ஆரம்பிக்கும்போது கொஞ்சம் கூடுதல். ஒரு பெரிய பெட்டியை ஏர்போர்ட்டில் தள்ளுவது மாதிரிதான்.

ஆனால் இரண்டு இறக்கை நுனியும் 11 மீட்டர் தள்ளித் தள்ளி இருக்கின்றன, வால் இன்னொரு பக்கம் இருக்கிறது, உங்களுக்கு இருப்பதோ ஒரு ஜோடி கண். மூன்று பேர் தள்ளும்போது ஆளுக்கு ஒரு முனையைப் பார்த்து "ரைட்ல இடம் இருக்கு, வா வா" என்று கத்துவார்கள். தனியாக இருக்கும்போது அப்படிக் கத்த யாரும் இல்லை, அந்த வேலையைத் தரை செய்ய வேண்டும். இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் தரையைப் பற்றித்தான் இருக்கும், காரணம் அதுதான்.

இன்னொரு கணக்கும் மனதில் இருக்கட்டும். முன் சக்கரங்களிலிருந்து வால் சக்கரம் சுமார் ஐந்து மீட்டர் பின்னால் இருக்கிறது, நடுக்கோட்டிலிருந்து இறக்கை நுனி ஐந்தரை மீட்டர். வால் ஒரு முழம் பக்கவாட்டில் விலகினால் ஒரு இறக்கை நுனி ஒரு முழம் முன்னே போகும், மற்றது ஒரு முழம் பின்னே போகும். அந்தக் கோணத்தைத் திருத்தாமல் ஆறு மீட்டர் இழுத்தீர்கள் என்றால் விமானம் முழுக்க அரை மீட்டர் பக்கவாட்டில் போயிருக்கும். கதவுக்கும் இறக்கைக்கும் நடுவே உங்களுக்கு இருக்கும் இடமே பெரும்பாலும் முக்கால் மீட்டர்தான்.

எப்போதும் வால் முதலில்

மூக்கை முதலில் உள்ளே தள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லரைக் கட்டி முன்னால் ஓட்டினால் டிரெய்லர் பேசாமல் பின்னாலேயே வரும். அதே டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள், இந்தப் பக்கம் திரும்பும், அந்தப் பக்கம் மடங்கும். இங்கேயும் அதேதான். வாலைப் பிடித்து இழுத்தால் முன் சக்கரங்கள் டிரெய்லர் மாதிரி உங்கள் பின்னால் வரும், தானாகவே நேராகும். வாலைப் பிடித்து முன்னால் தள்ளினால் நீங்கள் ரிவர்ஸ் எடுக்கிறீர்கள், சின்னப் பிசகும் வளர்ந்துகொண்டே போகும். அது தவிர, வால் உள்ளே மூக்கு வெளியே என்று நிறுத்தினால் காலையில் வெளியே எடுத்ததும் திருப்ப வேண்டியிருக்காது, வாசல் பக்கமிருந்து வரும் காற்றையும் மூக்குதான் வாங்கும்.

தரை வேலை: ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்

முதலில் வாட்டம் பாருங்கள். மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க ஹேங்கர் வாசலில் தரை வெளிப்பக்கம் சரிந்திருக்கும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டம் கடன் வாங்கிக்கொண்டு வந்து அளந்துவிடுங்கள். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற வாட்டத்தில் 400 கிலோ விமானம் கூடுதலாக 4 கிலோ இழுவை கேட்கும். இரண்டு சதம் என்றால் 8. ஐந்து சதம் என்றால் 20 கிலோ, உருட்டும் இழுவையோடு சேர்த்து 26, தனி ஆள் தொடர்ந்து இழுத்துக்கொண்டே திசையையும் பார்க்க முடியாத அளவு. அங்கே வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) கட்டாயம். வாட்டம் சொல்லும் இன்னொரு விஷயம், கை நழுவினால் விமானம் எந்தப் பக்கம் ஓடும் என்பது. வெளிப்பக்கம் ஓடும். இது கடைசி வரைக்கும் ஞாபகம் இருக்கட்டும்.

அடுத்தது கோடு. நாலு பேர் இருக்கும் ஒரு நாளில் விமானத்தை அவசரமில்லாமல் உள்ளே ஏற்றி, எல்லாப் பக்கமும் இடம் சமமாக இருக்கும்படி நிறுத்துங்கள். தூக்குக் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு இறக்கை நுனிக்கும் நேர் கீழே, வால் சக்கரத்துக்குக் கீழே, இரண்டு முன் சக்கரத்துக்குக் கீழே சாக்பீஸால் குறி வையுங்கள். அப்புறம் கொத்தனார்கள் மாதிரி நூலில் சுண்ணாம்பு தடவி அடித்து மூன்று கோடு போடுங்கள்: வால் சக்கரத்துக்கு நடுக்கோடு, முன் சக்கரங்கள் இரண்டுக்கும் ஆளுக்கு ஒன்று. கோடுகள் ஹேங்கருக்குள் முடியக் கூடாது. வாசலுக்கு வெளியே குறைந்தது ஒரு விமான நீளம், ஏழெட்டு மீட்டர், நீட்டிக்கொண்டு போக வேண்டும். விமானம் நேராக வேண்டியது வெளியே, உள்ளே வந்த பிறகு நேராக்க இடம் கிடையாது. சாலையில் கோடு போடும் மஞ்சள் பெயின்ட் வாங்கி ஒரு கை அகலத்துக்கு அடித்துவிடுங்கள். மெல்லிசாக அடித்தால் மழை வெளிச்சத்தில் தெரியாது.

நீங்கள் இழுத்துக்கொண்டு போகும்போது உங்கள் கண்ணுக்கு நேராகத் தெரிவது நடுக்கோடுதான். வால் சக்கரம் நடுக்கோட்டில் இருக்கிறது, இடது முன் சக்கரம் இடது கோட்டில் இருக்கிறது, இந்த இரண்டும் சரி என்றால் வலது இறக்கை எங்கே இருக்கிறது என்று நீங்கள் போய்ப் பார்க்கவே வேண்டாம். இரண்டு புள்ளி கோட்டில் இருந்தால் மற்றது எல்லாம் கோட்டில்தான் இருக்கும். அதுதான் இந்த மஞ்சள் பெயின்ட்டின் முழு வேலை.

முன் சக்கரம் நிற்க வேண்டிய இடத்தில், சக்கரத்துக்குப் பின்னால், அதாவது ஹேங்கரின் பின் சுவர்ப் பக்கம், ஒரு மரக் கட்டையைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனியாக. டயர் அதில் முட்டியதும் நின்றுவிடும், வாலின் கடைசியில் இருக்கும் திருப்புப் பலகையான ரட்டர் சுவரைத் தொடாது. கூரையிலிருந்து ஒரு ரப்பர் பந்தை நூலில் தொங்கவிட்டு ரட்டர் வந்து நிற்கும் இடத்தைக் காட்டுவதும் நல்ல வழி, இரண்டும் இருந்தால் இன்னும் நிம்மதி. வாசல் தூண்கள் இரண்டிலும் இறக்கை உயரத்தில் தடிமனான ஃபோம் சுற்றிக் கட்டுங்கள். பழைய மெத்தை போதும்.

கதவு ஓடும் தண்டவாளம், அதாவது ரயில். இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். தள்ளு கதவின் ரயில் தரைக்கு மேலே இரண்டு சென்டிமீட்டர் எழும்பி நிற்கிறது என்று வையுங்கள். 22 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தை அந்தப் படியில் ஏற்ற, அந்தச் சக்கரத்தின் மேல் இருக்கும் எடையில் கிட்டத்தட்ட பாதி அளவு கிடைமட்ட விசை வேண்டும். டயர் நெளிந்து கொடுப்பதால் கொஞ்சம் குறையும், அப்படியும் சமதரையில் ஆறு ஏழு கிலோவில் வந்துகொண்டிருந்த விமானம் அந்த இடத்தில் திடீரென்று நூறு கிலோவுக்கு மேல் கேட்கும். உடனே என்ன செய்வோம்? கொஞ்சம் பின்னால் விட்டு வேகமாக இழுத்து ஏற்றப் பார்ப்போம். அப்போதுதான் ஒரு சக்கரம் முந்திக்கொண்டு ஏறும், விமானம் சுழலும், இறக்கை தூணில் போய் நிற்கும். ரயிலின் இரண்டு பக்கமும் நாற்பது சென்டிமீட்டர் நீளத்துக்குச் சரிவாகச் சீவிய பலகை வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. மரம் வேண்டாம் என்றால் செக்கர்டு பிளேட் (வழுக்காத இரும்புத் தகடு) வளைத்துப் பற்றவைத்துக் கொடுப்பார்கள், சிவாஜிநகர் பக்கம் எந்த வெல்டிங் கடையிலும் ஒரு மணி நேர வேலை. கதவு சாத்தும்போது எடுக்க வேண்டியிருக்கும், அதனால் கைப்பிடி வையுங்கள்.

எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது

வால் சக்கரத்தின் அச்சில் மாட்டி இழுக்கிற கம்பியான டோ பார்தான் முக்கியமான கருவி. ஒன்றரை மீட்டர் நீளமாவது இருக்கட்டும், குனியாமல் நடக்கலாம், நெம்புகோல் பலமும் கிடைக்கும். டோ பார் இல்லாவிட்டால் வால் பக்கம் உடம்பிலேயே கைப்பிடி இருக்கிறதா பாருங்கள், நிறைய விமானங்களில் இருக்கும். அதுவும் இல்லை என்றால் வால் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டை.

ஸ்டெபிலைசரை, அதாவது வாலின் கிடையான சிறகை, பிடித்துத் தூக்காதீர்கள், அதைத் தாங்கும் கம்பிகளைப் பிடித்து இழுக்காதீர்கள். எலிவேட்டர் (அந்தச் சிறகின் பின்னால் அசையும் பலகை), ரட்டர், அய்லரான் (இறக்கையின் பின்னால் நுனிப் பக்கம் அசையும் பலகை) எதையும் தள்ளக் கூடாது. இறக்கையின் பின் ஓரம் பார்க்கக் கெட்டியாகத் தெரியும், கட்டை விரலை அழுத்தினால் உள்ளே போய்விடும். துணிக்கு அடியில் விலா எலும்பு மாதிரி இருக்கும் ரிப்புக்கும் ரிப்புக்கும் நடுவே உள்ளங்கையை வைத்தால் அந்த இடத்தில் தோல் வெடிக்கிற மாதிரி பெயின்ட்டில் வட்ட வட்டமாகக் கீறல் விழும், இன்று தெரியாது, ஆறு மாத வெயிலுக்குப் பிறகு தெரியும். இறக்கையை உடம்போடு சேர்த்துத் தாங்கும் சாய்வுக் கம்பமான ஸ்ட்ரட்டைத் தள்ளலாம், ஆனால் அதன் முனைகளுக்குப் பக்கத்தில், நட்ட நடுவில் இல்லை.

ஸ்ட்ரட் விஷயத்தில் தனி ஆளுக்கு ஒரு ஆபத்து இருக்கிறது. ஒரு பக்க ஸ்ட்ரட்டை மட்டும் தள்ளினால் விமானம் நேராகப் போகாது, சுழலும். ஒரு மழை நாளில் அவசரத்தில் நான் இதைத்தான் செய்தேன். டோ பார் மாட்ட நேரமில்லை என்று இடது ஸ்ட்ரட்டைப் பிடித்துப் பின்னால் தள்ளினேன். என் கண் முழுக்க இடது நுனிக்கும் தூணுக்கும் நடுவே இருந்த இடத்தில். அந்த இடம் நன்றாக அகலமாகிக்கொண்டே வந்தது, எனக்குச் சந்தோஷம். அது அகலமானதற்குக் காரணம் வால் வலது பக்கம் போய்க்கொண்டிருந்தது, விமானமும் அதோடு வலது பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. காய்ந்த மூங்கில் முறிகிற மாதிரி ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் வலது நுனியில் துணிக்கு அடியில் இருக்கும் வளையம் நசுங்கி, துணி அந்த இடத்தில் தொளதொளவென்று தொங்கியது. துணியைக் கிழித்து, வளையம் மாற்றி, மறுபடி துணி ஒட்டி, டோப் (துணியை இறுக்கும் பூச்சு) அடித்துக் காயவைத்து, லைசென்ஸ் உள்ள இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்துப் போட்டு விமானம் மறுபடி பறக்க மூன்று வாரம் ஆனது. டோ பார் மாட்ட அரை நிமிடம் கூட ஆகாது.

புரொப்பல்லரைப் பிடித்து இழுக்கும் பழக்கம் நம் ஊரில் நிறைய இருக்கிறது. தனியாக இருக்கும்போது அதன் பக்கமே போகாதீர்கள். சுற்றினால் தானே தீப்பொறி உண்டாக்கும் மேக்னெட்டோ இருக்கிற இன்ஜினுக்குப் பற்றிக்கொள்ள பேட்டரி வேண்டாம். சுவிட்ச் ஆஃப் என்று காட்டினாலும், சுவிட்சிலிருந்து மேக்னெட்டோவுக்குப் போகிற ஒரு வயர் அறுந்திருந்தால் அது உயிரோடுதான் இருக்கும், சூடான இன்ஜினில் லேசாகச் சுற்றினாலே போதும். இந்த வகை விமானங்களில் பலவற்றுக்கு ஸ்டார்ட்டரே கிடையாது, கையால் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்கிறோம், அந்தக் கையாலேயே இழுத்துக்கொண்டு போவதும் சகஜமாகிவிடுகிறது. பக்கத்தில் யாரும் இல்லாத நேரத்தில் அடிபட்டால் தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை.

ஒவ்வொரு முறையும்: நகர்த்துவதற்கு முன்

காக்பிட்டுக்குள் போங்கள். மேக்னெட்டோ சுவிட்ச் இரண்டும் ஆஃப், சாவி இருந்தால் உருவிப் பையில் போடுங்கள். த்ராட்டில் (இன்ஜின் வேகப் பிடி) மூடியிருக்கட்டும், மிக்ஸ்சர் (பெட்ரோல் கலவைப் பிடி) இருந்தால் அதுவும் கட். பெட்ரோல் குழாயின் வால்வை மூடுங்கள். ஓட்டும் கம்பியான ஸ்டிக்கைப் பின்னால் இழுத்து சீட் பெல்ட்டால் கட்டுங்கள்; வாசலுக்கு வெளியே மூக்கு காற்றைப் பார்த்து இருக்கப் போவதால் எலிவேட்டர் மேலே இருந்தால் வால் தரையோடு அழுத்தமாக இருக்கும். ரட்டருக்குப் பூட்டு போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். வால் சக்கரம் ஸ்பிரிங் வழியாக ரட்டரோடு இணைந்திருக்கிறது, ரட்டரைப் பூட்டிவிட்டு டோ பாரால் சக்கரத்தைத் திருப்பினால் அந்த முறுக்கு எல்லாம் ரட்டரில் அந்த ஸ்பிரிங் மாட்டியிருக்கும் கொம்பில் இறங்கும். பார்க்கிங் பிரேக் விட்டிருக்கிறதா பாருங்கள். பிரேக் பிடித்தபடியே இழுத்து "இன்னைக்கு என்ன இவ்வளவு கனம்" என்று நினைத்தவர்கள் உண்டு.

வெளியே வந்து டயரைப் பாருங்கள். காற்று குறைந்த ஒரு டயர், விமானத்தை அந்தப் பக்கமே திருப்பிக்கொண்டிருக்கும். டேங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்: சூப்பர் கப்பில் டேங்க் நிறைய இருந்தால் 136 லிட்டர், கிட்டத்தட்ட நூறு கிலோ கூடுதல் எடை.

கதவை முழுக்கத் திறந்து, காற்றில் நகராதபடி இரும்புக் கம்பி செருகி நிறுத்துங்கள். பாதி திறந்த கதவோடு இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. உள்ளே கோட்டில் ஏணி, டிரம், வாளி, தூங்கும் நாய் ஏதாவது இருக்கிறதா என்று நடந்து போய்ப் பாருங்கள். நாய் நிஜமாகவே இருக்கும், மழைக்கு முன்னால் எல்லாம் ஹேங்கருக்குள்தான் வரும்.

கடைசியாக சக்கரக் கட்டை. தனி ஆளுக்கு அதுதான் பிரேக். முக்கோணமாகச் செதுக்கிய கட்டை இரண்டு எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு முழக் கயிற்றில் முன் சக்கரத்தின் அச்சோடு கட்டி, சக்கரத்துக்கு முன்னால், அதாவது வாசலுக்கு வெளிப்பக்கம், தரையில் கிடக்கும்படி விடுங்கள். வாலைப் பிடித்து உள்ளே இழுக்கும்போது அது சக்கரத்தோடு இழுபட்டுக்கொண்டே வரும். நீங்கள் மூச்சு வாங்க நிறுத்தினாலோ கை நழுவினாலோ விமானம் வாட்டத்தில் ஒரு சாண் வெளியே உருளும், டயர் கட்டையில் ஏறி நின்றுவிடும். லாரிக்காரர்கள் மேட்டில் நிறுத்தும்போது கிளீனர் கட்டையைப் போட்டுக்கொண்டே நடப்பார் இல்லையா, அதே வேலைதான், இங்கே கிளீனருக்குப் பதில் கயிறு.

உள்ளே இழுப்பது

வெளியே விமானத்தைக் கோட்டுக்குக் கொண்டுவருவதுதான் முதல் வேலை. வாலைப் பக்கவாட்டில் நடத்தினால் முன் சக்கரங்களுக்கு நடுவே ஒரு புள்ளியைச் சுற்றி விமானம் திரும்பும். வால் சக்கரம் முழுக்கச் சுழலக்கூடிய வகை என்றால் ஒரு கோணத்துக்கு மேல் திருப்பியதும் "டக்" என்று விடுபட்டுச் சுதந்திரமாகிவிடும், அப்போது ஒரு விரலால் திருப்பலாம். சில பழைய சக்கரங்கள் விடுபடாது, அதை அந்த எல்லைக்கு மேல் பலவந்தமாகத் திருப்பக் கூடாது, வாலைக் கொஞ்சம் தூக்கித்தான் நகர்த்த வேண்டும்.

தூக்குவதைப் பற்றி இரண்டு வார்த்தை. வாலில் இருக்கும் எடை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கோ அதற்குக் குறைவோதான், ஆனாலும் முப்பது நாற்பது கிலோ, கால் மடக்கித் தூக்குங்கள், இடுப்பால் தூக்காதீர்கள். தூக்கத் தூக்க அது லேசாகும். லேசாகிறது என்று சந்தோஷப்படக் கூடாது; எடை முழுக்க முன் சக்கரத்துக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், ஒரு எல்லை தாண்டினால் மூக்கு குத்தி புரொப்பல்லர் தரையில் இடிக்கும். முழங்கால் உயரம் போதும். அடிக்கடி தூக்க வேண்டியிருந்தால் வால் சக்கரத்தை ஏற்றி வைக்க நாலு சக்கரத் தள்ளு பலகை ஒன்று செய்துகொள்ளுங்கள்.

வால் சக்கரம் நடுக்கோட்டில், முன் சக்கரம் இரண்டும் அவற்றின் கோட்டில். இப்போது நடந்து போய் மூன்றையும் கண்ணால் பாருங்கள். அப்புறம்தான் இழுக்க வேண்டும். டோ பாரை இரண்டு கையாலும் பிடித்து, விமானத்தைப் பார்த்தபடி பின்னால் நடங்கள். முதுகு காட்டி இழுத்தால் சுலபமாக இருக்கும், ஆனால் எதுவும் தெரியாது. மெதுவாக, ஒரு வயதானவர் கோவில் பிரகாரம் சுற்றுகிற வேகம். ஐந்தாறு அடி வைத்ததும் நிறுத்துங்கள், கட்டையில் டயர் நிற்கட்டும், கோட்டைப் பாருங்கள். வால் விலகியிருந்தால் இழுத்துக்கொண்டே படிப்படியாகத் திருத்துங்கள், ஒரே வெட்டில் திருத்தினால் மறு பக்கம் போகும். அரை முழத்துக்கு மேல் விலகிவிட்டது என்றால் திருத்தப் பார்க்காமல் திரும்ப வெளியே விட்டு மறுபடி ஆரம்பியுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, பார்க்க யாரும் இல்லை.

முன் சக்கரங்கள் ரயிலைத் தாண்டும் முன் கட்டாயம் ஒரு நிறுத்தம். இறக்கைகள் அப்போது தூண்களுக்கு ஒரு மீட்டர் வெளியே இருக்கும். டோ பாரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு நுனிக்கும் நடந்து போய் இடத்தைக் கையால் அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பலகை மேல் ஏற்றி உள்ளே கொண்டுபோய், தரையில் போல்ட் போட்ட கட்டையில் டயர் முட்டும் வரை இழுங்கள்.

வின்ச் வைத்துச் செய்வது

வாட்டம் இரண்டு சதத்துக்கு மேல் இருந்தாலோ, வயதாகிவிட்டாலோ வின்ச் வைத்துவிடுங்கள். 12 வோல்ட்டில் ஓடும் சின்ன எலெக்ட்ரிக் வின்ச் ஒன்று, கார் பேட்டரி ஒன்று. பின் சுவரில் மாட்ட வேண்டாம், ஹாலோ பிளாக் சுவர் பெயர்ந்து வரும்; நடுக்கோட்டின் முனையில் தரை கான்கிரீட்டில் நங்கூர போல்ட் போட்டு இறுக்குங்கள். இரண்டு முன் சக்கர அச்சுக்குப் பக்கத்திலிருந்தும் சம நீளக் கயிறு எடுத்து வாலுக்குக் கீழே ஒன்றாகச் சேரும்படி ஒய் வடிவத்தில் கட்டினால் இழுவை இரண்டு சக்கரத்துக்கும் சமமாகப் போகும். ஒரு கயிறு ஒரு சாண் குட்டையாக இருந்தாலும் விமானம் அந்தப் பக்கம் திரும்பும், அதனால் அளந்து கட்டுங்கள். ஸ்டீல் கம்பியைவிட சிந்தெடிக் கயிறு நல்லது, அறுந்தால் அவ்வளவு வேகமாகத் தெறிக்காது. அப்படியும் இழுபட்டு நிற்கும் கயிற்றுக்கு நேராக நிற்காதீர்கள், ஒரு பக்கமாக நில்லுங்கள்.

ரிமோட் பட்டன் கையை எடுத்ததும் நிற்கும் வகையாக இருக்க வேண்டும், ஒரு முறை அமுக்கினால் ஓடிக்கொண்டே இருக்கும் வகை வேண்டவே வேண்டாம். ஒரு கையில் ரிமோட், ஒரு கையில் டோ பார். வின்ச் இழுக்கும், நீங்கள் வாலைக் கோட்டில் வைத்துக்கொண்டு நடந்தால் போதும். வின்ச்சுக்கு எதிலும் கூச்சம் கிடையாது, இறக்கை தூணில் இடித்தாலும் இழுத்துக்கொண்டேதான் இருக்கும், அதனால் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதை இங்கேயும் விடாதீர்கள். கரண்ட் வேண்டாம் என்றால் கையால் சுற்றும் ராட்செட் வின்ச் போதும். ஆனால் அதில் நீங்கள் பின்னால் நின்று சுற்ற வேண்டும், வால் பக்கம் ஆள் இல்லை, இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எழுந்து போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

காற்று

பெங்களூருவில் ஏப்ரல், மே சாயங்கால இடிமழைக்கு முன்னால் வரும் காற்று ஐந்து நிமிடத்தில் திசை மாறும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்குக் காற்று பகல் முழுக்க விடாமல் அடிக்கும். இந்த விமானங்கள் நாற்பது மைல் வேகத்திலேயே பறக்க ஆரம்பிப்பவை, காலியாக, பைலட் இல்லாமல், இன்னும் லேசு. காற்று பத்து நாட் (மணிக்கு பதினெட்டு கிலோமீட்டர் சொச்சம்) வேகத்தைத் தாண்டினால் நான் தனியாக நகர்த்துவதில்லை. பதினைந்தைத் தாண்டினால் இருவர் இருந்தாலும் யோசிப்பேன்.

விமானம் காற்றைப் பார்த்துத் திரும்பத்தான் பார்க்கும். வாசலுக்குப் பக்கவாட்டில் காற்று இருந்தால் வால் உள்ளே போன பிறகு ஒரு இறக்கை மட்டும் காற்றில் இருக்கும் ஒரு கட்டம் வரும், அங்கேதான் அது முறுக்கும். பின்னால் இருந்து காற்று அடிக்கும்போது வாலைத் தூக்கவே கூடாது, எலிவேட்டருக்கு அடியில் காற்று புகுந்தால் உங்கள் கையை விட்டுப் போய்விடும். அப்போது ஸ்டிக்கை முன்னால் கட்ட வேண்டும்.

சரி, காற்று வந்துவிட்டது, விமானம் வெளியே இருக்கிறது, என்ன செய்வது? உள்ளே கொண்டுபோகாதீர்கள். மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, இறக்கை வளையம் இரண்டிலும் வாலிலும் கயிறு போட்டுத் தரை வளையத்தில் கட்டி, ஸ்டிக்கைப் பின்னால் கட்டிவிட்டு மழையில் நனைய விடுங்கள். துணி நனைந்தால் காயும். அதற்காக ஹேங்கர் வாசலில் மூன்று தரை வளையங்கள் கான்கிரீட்டில் பதித்து வைத்திருக்க வேண்டும், அந்த ஞாயிற்றுக்கிழமையே அதையும் செய்துவிடுங்கள்.

நிறுத்திய பிறகு, காலையில் எடுக்கும்போது

உள்ளே போனதும் இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை. டோ பாரைக் கழற்றிச் சுவரில் மாட்டுங்கள், மாட்டியபடியே விட்டால் இருட்டில் யாராவது தடுக்கி வால் சக்கரத்தையே திருகிவிடுவார்கள். இன்ஜினுக்குக் கீழே எண்ணெய்க்கு ஒரு தட்டு. நம் ஊரில் எலி ஒரு பெரிய விஷயம்: துணியையும் வயரையும் கடிக்கும், சக்கரக் கால் வழியாகத்தான் ஏறும். சீட்டில் பிஸ்கட் பாக்கெட்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள். கதவு சாத்தும் முன் ரயில் மேல் வைத்த பலகையை எடுங்கள்.

காலையில் வெளியே எடுப்பது சுலபம் என்று எல்லோரும் நினைப்பார்கள், வாட்டம் உங்களுக்குச் சாதகம் என்பதால். அதனால்தான் எனக்கு அதில் பயம் அதிகம். மூக்கு முதலில் வெளியே போகும்போது நீங்கள் டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கிறீர்கள், கூடவே இறக்கம். தள்ளவே தள்ளாதீர்கள். வின்ச் இருந்தால் கயிற்றை விட்டு விட்டுத்தான் இறக்க வேண்டும். இல்லையென்றால் சின்ன வாட்டத்தில் மட்டும், ஹேங்கருக்குள் வாலுக்குப் பின்னால் பதித்த தரை வளையம் ஒன்றில் ஒரு கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, மறு முனையை வால் ஸ்பிரிங்கில் கட்டி, தளர்த்தித் தளர்த்தி விடுங்கள். அச்சில் கட்டிய கட்டை இப்போதும் சக்கரத்துக்கு முன்னால்தான் இருக்கும், ஆனால் இந்த முறை அதை நீங்கள்தான் அடிக்கு அடி தள்ளி வைக்க வேண்டும். இறக்கைகள் தூணைத் தாண்டி, வால் ரயிலைத் தாண்டி, மூன்று சக்கரமும் சமதரைக்கு வந்து நின்ற பிறகுதான் கயிற்றை அவிழ்க்க வேண்டும்.